பைன் நிழலில் குட்டையாக நிற்கும் ஃபிர்: என்ன செய்யலாம்?

கேள்வி: பைன், ஃபிர் என்னும் இரு ஊசியிலை மரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரே பருவத்தில் நட்டேன். பத்து ஆண்டுகளில் பைன் தலைக்கு மேல் போய்விட்டது. ஃபிர் இடுப்பளவைத் தாண்டவில்லை. பைனை வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பைன் வெயிலுக்கு ஏங்கும் மரம். இளமையிலேயே விறுவிறுவென்று உயர்ந்து வெளிச்சத்தைப் பிடித்தால்தான் அதற்குப் பிழைப்பு. ஃபிர் நிழல் தாங்கும். தொடக்க ஆண்டுகளில் அது மெதுவாகத்தான் வளரும். பெரிய மரங்களுக்கு அடியில் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்துவிட்டு, மேலே ஒரு திறப்பு கிடைத்ததும் வேகமெடுக்கும். பல ஊசியிலை மரங்கள் ஒரே காட்டில் சேர்ந்து வாழ்வது இந்த வேறுபாட்டால்தான்.

வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரக் காடுகளைப் பாருங்கள். தீ எரித்த நிலத்தில் முதலில் டக்ளஸ் ஃபிர் எழும்பும். பெயரில் ஃபிர் இருந்தாலும் அது வேறு பேரினம். அடர்நிழலில் அதன் கன்று தேறாது. அங்கே ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரம் தேறும். விழுந்து மக்கும் அடிமரங்களின் மேல், பாசிக்கிடையே, அதன் கன்றுகள் வரிசை பிடித்து நிற்கும். டக்ளஸ் ஃபிர் 500 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால், இரண்டும் மேலும் கீழுமாக நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

உங்கள் ஃபிர் போதிய வெளிச்சம் பெறுகிறதா என்பதை அதனிடமே கேட்கலாம். இந்த ஆண்டின் வளர்ச்சி முடிந்ததும் உச்சிக்குருத்தின் நீளத்தை அளந்து, மேல்வரிசைப் பக்கக் கிளைகளின் புது வளர்ச்சியோடு ஒப்பிடுங்கள். உச்சி நீளமாக இருந்தால் கவலை வேண்டாம். பக்கக் கிளைகள் அதை மிஞ்சி, தலை குடைபோல் தட்டையாகியிருந்தால் வெளிச்சம் போதவில்லை.

அப்போதும் பைன்களை ஒட்டுமொத்தமாக வெட்டக் கூடாது. நிழலில் விளைந்த ஊசியிலைகள் மெல்லியவை. திடீர் வெயிலில் கருகிவிடும். மிகவும் நெருக்கும் ஒரு பைனை மட்டும் எடுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

எனக்கு வருத்தம் தருவது ஒன்றுவிட்டு ஒன்றாக நட்ட முறைதான். அதில் ஒவ்வொரு ஃபிரையும் நாற்புறமும் பைன் சூழ்ந்துகொள்கிறது. இனி நடும்போது ஒவ்வோர் இனத்தையும் பத்துப் பதினைந்து மரங்கள் கொண்ட கூட்டமாக நடுங்கள். ஓரத்து ஃபிர்கள் மட்டுமே பைனோடு போராட வேண்டியிருக்கும். நடுவில் இருப்பவை தம் இனத்தோடு, தம் வேகத்திலேயே வளரும்.