காப்பி பேஸ்ட் தொல்லைகள்: கேள்வி பதில்

புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது என் தொழில். நாளெல்லாம் அடுத்தவர் எழுதியதைக் காப்பி செய்து ஒட்டுவதுதான் பிழைப்பு. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு பத்தி எடுத்து வேர்டில் போட்டால் நீல நிற இணைப்புகள், வேறு எழுத்தளவு எல்லாம் கூடவே வருகின்றன. வெறும் எழுத்து மட்டும் வர என்ன வழி? (பள்ளி ஆசிரியை, திருச்சி)

பதில்: காப்பி கொடுத்ததும் அந்தப் பத்தி கிளிப்போர்டில், அதாவது ஒட்டும்வரை கணினி அதை வைத்திருக்கும் இடத்தில், ஒரே உருவில் போய் உட்காருவதில்லை. வெறும் எழுத்தாக ஒன்று, நிறம், அளவு, இணைப்பு எல்லாம் சேர்ந்த எச்டிஎம்எல்லாக (இணையப் பக்கங்களின் மொழி) ஒன்று என்று பல உருவில் போகிறது. எதை எடுத்துக்கொள்வது என்பது ஒட்டும் இடத்தின் முடிவு. நோட்பேட் வெறும் எழுத்தை எடுக்கும், வேர்ட் அலங்காரத்தோடு இருப்பதை எடுக்கும். அதனால் ஒட்டும்போதுதான் நாம் சொல்ல வேண்டும்.

குரோமிலும் கூகுள் டாக்ஸிலும் கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். மைக்ரோசாஃப்ட் 365-இல் வரும் வேர்டிலும் இப்போது அதே சாவிகள்தான். பழைய வேர்டில் மட்டும் ஜாக்கிரதை. அங்கே இதே மூன்று சாவிகள் முன்பு எடுத்து வைத்த அலங்காரத்தை ஒட்டும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதில் வழக்கம்போல் ஒட்டிவிட்டு, கன்ட்ரோலை ஒரு தட்டு, டி-யை ஒரு தட்டு. ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் இது அலுப்பாக இருந்தால் ஆப்ஷன்ஸில் ‘அட்வான்ஸ்ட்’ பகுதிக்குப் போய், ஒட்டும் முறையை நிரந்தரமாகவே அப்படி மாற்றிவிடலாம். நான் மாற்றி வைத்துப் பல வருடம் ஆகிறது.

கேள்வி: அண்ணா, அப்பாவின் நினைவு மலருக்காகப் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். வேர்டில் தமிழாகத் தெரிகிறது. நீங்கள் சொல்வதுபோல் வெறும் எழுத்தாக ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்தாகிவிடுகிறது. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டதா? (யாழ்ப்பாணம்)

பதில்: அழியவில்லை தம்பி. அந்தக் கோப்பில் முதலிலிருந்தே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. பாமினி என்ற ஃபாண்ட் அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. ‘அம்மா’ என்று நீங்கள் பார்ப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். மற்ற இடங்களில் ஃபாண்ட் வெறும் சட்டை, கழற்றினால் நஷ்டமில்லை. பாமினியில் அதைக் கழற்றினால் மொழியே போய்விடும்.

இப்படி ஃபாண்டுக்கு ஒரு குறியீடு என்று பல வருடம் ஓடியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைப் பொதுவாக்கினார்கள். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் நம் பரண்களில் கிடக்கின்றன.

செய்ய வேண்டியது இது. அந்த ஆங்கிலக் குவியலை அப்படியே என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற எழுத்து மாற்றும் கருவி ஒன்றில் போட்டு, ‘பாமினியிலிருந்து யூனிகோட்’ என்று தேர்ந்தெடுங்கள். தமிழாகிவிடும். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: மலருக்குள் நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அந்தக் கருவி அவற்றையும் தமிழ் எழுத்தாக்கிவிடும். கிலோமீட்டருக்குச் சுருக்கமாகக் கே, எம் என்று அடித்திருந்தால் ‘மஅ’ என்று வந்து நிற்கும். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் விட்டு, அச்சான பிறகு ஒரு பட்டப்பெயர் கொச்சையாகிக் கிடந்ததைப் பார்த்தேன். ஆங்கிலச் சொற்களை முன்பே தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் வரி வரியாக உடைந்து வருகிறது. தமிழும் கோணல். (மாணவர், மதுரை)

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். வரி உடைவதற்கு வேர்டின் ‘ரீப்ளேஸ்’ போதும். அதில் ‘மோர்’, ‘ஸ்பெஷல்’ போனால் ‘பாராகிராஃப் மார்க்’ கிடைக்கும். நிஜமான பத்தி முடிவுகளில் முதலில் மூன்று நட்சத்திரம் போட்டு வையுங்கள். பிறகு எல்லாப் பாராகிராஃப் மார்க்கையும் ஒரு இடைவெளியாக மாற்றி, கடைசியாக நட்சத்திரங்களைப் பத்தி முடிவாக்குங்கள். நேராக மாற்றினால் புத்தகம் முழுக்க ஒரே பத்தி.

கோணல் என்றது ‘பெண்’ என்பது ‘ெபண்’ என்று வருவதைத்தானே? யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, பார்க்கும்போது முன்னால் தெரிகிறது. பல பிடிஎஃப்கள் பார்வை வரிசையிலேயே கொடுத்துவிடும். ஒன்றிரண்டு பக்கம் என்றால் கையால் திருத்திவிடுங்கள். அதிகம் என்றால் கூகுள் டிரைவில் பக்கங்களைப் படமாக ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும். மெய்ப்பு பார்க்காமல் அதையும் நம்பாதீர்கள்.

கேள்வி: எக்செலில் ஒட்டினால் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகிறது. (சங்கக் கணக்கர்)

பதில்: அதை எக்செல் எண் என்று நினைத்துக்கொள்கிறது. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு, ‘மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மேட்டிங்’ கொடுத்து ஒட்டுங்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும், பிறகு மாற்றினாலும் திரும்பாது.

கேள்வி: எல்லாம் போகட்டும், ஆனால் நூல் பெயர்களின் சாய்வெழுத்து மட்டும் நிற்க வேண்டும். முடியுமா? (பதிப்பக உதவியாளர்)

பதில்: வேர்டில் ‘மெர்ஜ் ஃபார்மேட்டிங்’ என்ற ஒன்று இருக்கிறதே, யாரும் தொடுவதில்லை. ஒட்டியதும் தோன்றும் சின்னப் பட்டியலில் நடுவில் இருக்கும். ஃபாண்டும் அளவும் உங்கள் பக்கத்துக்கு மாறிவிடும், வரிக்குள் அங்கங்கே இருக்கும் சாய்வும் தடிமனும் நிற்கும். முழுப் பத்தியுமே சாய்வாக இருந்தால் மட்டும் அது வலியுறுத்தல் இல்லை என்று வேர்ட் சாய்வை எடுத்துவிடக்கூடும், அந்தப் பத்திகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.