தேர்தல் வந்தால் மட்டும் தன்பாலினத் திருமணம் பெரிய பிரச்சினையாகிவிடுகிறதே, அமெரிக்காவில் அது திசைதிருப்பும் உத்திதானா?

கிளப்பிவிட்டவர்களுக்கு உத்திதான். அடிபட்டவர்களுக்கு அப்படி இல்லை.

2004-ல் வேலை நிமித்தமாக ஒஹாயோவில் இருந்தேன். ஓட்டுரிமை கிடையாது, வேடிக்கை பார்க்கலாம். இராக்கில் இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை செப்டம்பரில் ஆயிரத்தைத் தாண்டியது. பேரழிவு ஆயுதங்கள் என்று தேடிப் போனது எதுவும் கிடைக்கவில்லை. ஒஹாயோவிலோ ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன. ஆனால் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுக்க ஆணும் ஆணும் கல்யாணம் செய்யலாமா என்பதுதான்.

பொறி விழுந்தது மாசசூசெட்ஸில். 2003 நவம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு வழிவிட்டது. அடுத்த பிப்ரவரியில், அந்த ஆண்டுத் தேர்தலில் மறுபடி நின்ற அதிபர் புஷ், இதைத் தடுக்க நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றார். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் அவர் கட்சிக்கு இருந்ததே 51 பேர். ஜூலையில், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போவதற்குத் தேவையான 60-க்கு 48 பேர்தான் தேறினார்கள். கூட்டல் கழித்தல் தெரியாமலா கொண்டுவந்திருப்பார்கள்?

ஒஹாயோ கூத்து இதற்கும் மேல். பிப்ரவரியிலேயே அங்கே தடைச் சட்டம் போட்டாகிவிட்டது. ஆனாலும் நவம்பர் வாக்குச்சீட்டில் 'இஷ்யூ 1' என்று, அதே தடையை மாநில அரசியல் சட்டத்திலும் எழுதும் திருத்தம் ஒன்றை ஏற்றினார்கள். ஏறக்குறைய 62 சதவீத ஆதரவோடு வென்றது. புஷ் அந்த மாநிலத்தைப் பிடித்தது சுமார் 1,18,000 ஓட்டு வித்தியாசத்தில். அதோடு வெள்ளை மாளிகையும் அவருக்கே.

இதனால்தான் ஜெயித்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அன்று 11 மாநிலங்களில் தடை வென்றது. அதில் மிச்சிகனும் ஓரெகனும் தடைக்கும் ஓட்டுப் போட்டன, புஷ்ஷை எதிர்த்து நின்ற கெர்ரிக்கும் போட்டன!

தேர்தல் முடிந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. 2005-ல் புஷ் ஊர் ஊராகப் போய்ப் பேசியது சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை மாற்றுவது பற்றி. 2006 மறுபடி தேர்தல் ஆண்டு. மழைக்கு ஈசல் மாதிரி திருத்தமும் செனட்டுக்கு வந்தது, ஜூனில் தோற்றது. (2004-ல் புஷ்ஷின் பிரசாரத்தை நடத்திய கென் மெல்மன், தானே தன்பாலீர்ப்பாளர் என்று 2010-ல் சொன்னார்.)

அதற்காக 'சும்மா திசைதிருப்பல்' என்று தள்ளிவிடவும் எனக்கு மனசில்லை. மிச்சிகன் திருத்தத்தைக் காட்டித்தான் 2008-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களின் தன்பாலினத் துணைவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தரக் கூடாது என்றது.

என் பக்கத்து சீட்டுக்காரருக்கும் பத்து வருடத் துணை ஒருவர் இருந்தார். நவம்பர் 3 காலை, யாரும் அவரிடம் தேர்தலைப் பற்றி வாய் திறக்கவில்லை.