சாய்ந்து நிற்கும் லாரி: பட்டையைத் தொடும் முன் அளவெடுங்கள்

கேள்வி: எங்கள் ஆறு சக்கர லாரி 2014-இல் வாங்கியது. சில மாதங்களாகச் சரக்கு இல்லாதபோதும் இடப்பக்கம் சாய்ந்து நின்றதால், பட்டறையில் பின்புற இடது பட்டைக் கட்டில் (வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளின் அடுக்கில்) ஒரு பட்டை கூடுதலாக வைத்தார்கள். நிற்கும்போது இப்போது நேராகத் தெரிகிறது. ஆனால் லோடு ஏற்றினால் முன்புறம் இடது பக்கம் இறங்குகிறது; அழுத்தி பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. வலது பக்கமும் ஒரு பட்டை வைத்துவிடலாமா?
- வாசகர், சங்ககிரி

பதில்: வேண்டாம். முதலில், வைத்த பட்டையையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தளர்ந்தது முன்புற இடது பட்டைக் கட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்னால் ஒரு மூலை இறங்கும்போது சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முழுவதும் அந்தப் பக்கம் சாய்வதால், பின்னால் நின்று பார்ப்பவருக்குப் பின்பட்டைதான் இறங்கியதுபோலத் தோன்றும். அங்கே பட்டை ஏற்றினால் இடது பின்சக்கரமும் அதற்கு எதிர்மூலையான வலது முன்சக்கரமும் கூடுதல் எடையைச் சுமக்கத் தொடங்கும். எடை அதிகமுள்ள முன்சக்கரத்தின் பிடி வலுவாக இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது வண்டி அந்தப் பக்கம் இழுக்கிறது. போதாக்குறைக்குச் சேசிஸும் முறுக்கப்படுகிறது.

கூடுதல் பட்டையை எடுத்த பிறகு அளவெடுங்கள். வரிசையில் வண்டிகள் நிற்காத நேரமாகப் பார்த்து எடைமேடைக்குச் சென்றால் அதைவிடச் சமமான தரை கிடைப்பது அரிது. வண்டி காலியாக இருக்க வேண்டும். டயர்கள் சூடாறியிருக்க வேண்டும். காற்றை, குறிப்பாகப் பின்புற உள்டயர்களின் காற்றை, மீட்டர் வைத்தே பார்க்க வேண்டும், ஏனெனில் உள்டயர் இறங்கியிருந்தாலும் வெளிடயர் அதை மறைத்துவிடும். டீசல் டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 300 லிட்டர் டீசலே ஏறத்தாழ 250 கிலோ எடை இருக்கும். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தி, அச்சின் மேற்பரப்பிலிருந்து சேசிஸின் அடிப்பகுதி வரையுள்ள உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து, சாக்பீஸால் சேசிஸிலேயே எழுதிவையுங்கள். பிறகு வண்டியை எதிர்த்திசையில் நிறுத்தி மறுபடியும் அளந்தால் தரையின் கோணல் தெரிந்துவிடும்.

இந்த உயரம் இரு பக்கமும் ஒன்றாக இருந்தும் வண்டி சாய்ந்திருந்தால், குறை பட்டையில் இல்லை; டயரையோ, பாடிக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள மரச்சட்டம் ஒரு பக்கம் உளுத்திருக்கிறதா என்பதையோ பாருங்கள். உயரம் வேறுபட்டால் முன்னா பின்னா என்று அறிய ஒரு வழி உண்டு. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி வைத்து, முன்பட்டைகளின் மேலுள்ள எடை நீங்கும் வரை மட்டும் உயர்த்துங்கள். அப்போது பின்புறச் சாய்வு மறைந்துவிட்டால் குறை முன்னால், மறையாவிட்டால் பின்னால். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

குறையுள்ள பட்டைக் கட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகத் துடைத்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றி, பட்டைக் கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டின் பிடிக்குள் மறைந்திருக்கும். தலைமயிர் அளவில் செம்பழுப்புத் துருக்கோடு ஓரத்திலிருந்து துளையை நோக்கி ஓடினால், அந்தப் பட்டை உடையக் காத்திருக்கிறது என்று பொருள். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் அச்சே நகர்ந்திருக்கும். அதை அறிய ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடலாம்.

மாற்றுவதானால் அந்த அச்சின் இரு பக்கப் பட்டைக் கட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். செலவு இரட்டிப்பாகிறதே என்று தோன்றும். ஆனால் புதியதும் தளர்ந்ததும் ஒரே அச்சில் இருந்தால் சாய்வு பக்கம் மாறுமே தவிரத் தீராது. யூ போல்ட்டுகளும் புதியவையாக இருக்கட்டும். வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு, எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்கி, முதல் லோடு ஓடி வந்ததும் மறுபடியும் முறுக்குங்கள்.

இடப்பக்கமே ஏன் தளர்கிறது என்றால், நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தை நோக்கி 2 முதல் 2.5 விழுக்காடு சரிகின்றன. சக்கரங்களுக்கிடையே 2 மீட்டர் என்று கொண்டால் இடது சக்கரம் 4 முதல் 5 சென்டிமீட்டர் தாழ்வாகவே ஓடுகிறது. எடையும் ஒரு காரணம். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான அனுமதி எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது 2018-இல்தான். உங்கள் வண்டி அதற்கு முந்தையது; புதிய அளவுக்கு லோடு ஏற்றினால் அதன் பட்டைகளுக்குச் சுமை கூடும்.

கேள்வி: தளர்ந்த பட்டையைச் சூடேற்றி வளைத்துப் போட்டால் போதாதா?
- வாசகர், நாமக்கல்

பதில்: கேஸ் வைத்துச் சூடாக்கினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பட்டை விரைவில் மறுபடி தளரும், அல்லது உடையும். சூடேற்றாமல் அடித்து வளைவு ஏற்றலாம். விரிசல் இல்லாத பட்டைக்கு அது சில காலம் தாங்கும். அப்போதும் இரு பக்கத்தையும் ஒரே அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள்.