வாசகர் கேள்வி – பதில்: நண்பர்களோடு கடலில் ஒரு பகல்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, படகோட்டியுடன் ஒரு விசைப்படகை ஒரு நாளைக்கு அமர்த்திக் கரையோரமாகச் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். ஒரு விரிகுடா, ஒரு சிறு தீவு, ஒரு கலங்கரை விளக்கம் ஆகிய மூன்றையும் பார்த்துத் திரும்ப மொத்தம் 40 கிலோமீட்டர் ஆகும். காலை 10 மணிக்குப் புறப்பட்டால் மாலைக்குள் நிதானமாகப் பார்த்துவிட முடியுமா?

பதில்: பார்த்துவிடலாம், நிதானமாகப் பார்க்க முடியாது. அருகில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டு போகக்கூடிய வேகம், சிறு படகுகளில் பெரும்பாலும் 6 நாட் அளவுதான். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் மணிக்கு 11 கிலோமீட்டர் செல்வீர்கள். ஓட்டத்துக்கு மட்டுமே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மூன்று இடங்களில் நங்கூரம் போடுவதும் எடுப்பதும், இறங்குவதும் ஏறுவதும் தனி.

வேகத்தை மும்மடங்காக்கலாமே என்று உங்களில் யாரேனும் சொல்லக்கூடும். அப்படிச் செய்தால் படகின் அடிப்புறம் ஒவ்வோர் அலையிலும் எழும்பி எழும்பி அறையும். அனைவரும் இரு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, அடுத்த இடம் எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள். நண்பர்களோடு கழிக்கக் கிடைத்த ஒரு பகலை அவ்வாறு செலவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது காற்றுக்கு மறைவான விரிகுடாவாக இருக்கட்டும்.

புறப்படும் நேரத்தையும் மாற்றுங்கள். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. தெளிந்த வானமுள்ள நாள்களில் இந்தக் கடற்காற்று பெரும்பாலும் முற்பகலின் பிற்பகுதியில் எழுந்து, நடுப்பகலுக்குப் பின் வலுப்பெறும். நீங்கள் குறித்திருக்கும் 10 மணி, கடல் அமைதியை இழக்கத் தொடங்கும் நேரத்தை ஒட்டி வருகிறது. 7 மணிக்குள் கிளம்பினால் கண்ணாடி போன்ற நீரில் போகலாம். பிற்பகலில் எந்தத் திசையிலிருந்து காற்று வரும் என்று படகோட்டியிடம் முன்கூட்டியே கேட்டு, காலையில் அத்திசை நோக்கிச் செல்லுங்கள். அனைவரும் களைத்துத் திரும்பும் வேளையில் காற்று முதுகுப்புறம் இருக்கும். எதிர்காற்றில் போனால் படகின் முன்முனையான அணியத்தில் மோதும் அலைநீர் முகத்தில் அடித்துக்கொண்டே வரும். அலைமுகடுகளில் ஆங்காங்கே வெண்ணுரை தெரியத் தொடங்கினால் காற்று 7 முதல் 10 நாட் வரை எட்டியிருக்கிறது. அந்நுரை எங்கும் பரவலாகத் தெரிந்தால் 11 நாட் அளவைத் தாண்டிவிட்டது. இரண்டாவது நிலை வரும்வரை காத்திராமல் திரும்பிவிடுவது நல்லது.

விரிகுடாவில் செய்ய வேண்டியது, நங்கூரத்தைப் போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்துவது. அந்த ஓசை அடங்கியதும் கேட்கத் தொடங்குகிற நீரின் சலசலப்புக்காகவே இவ்வளவு தூரம் போகலாம் என்பேன். நங்கூரத்துக்குக் கயிறு கட்டியிருந்தால், நீர்மட்டத்துக்கு மேலே அணியம் நிற்கும் உயரத்தையும் சேர்த்த ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு நீளம் விடப்பட வேண்டும். மொத்தம் 4 மீட்டர் என்றால் 20 முதல் 28 மீட்டர். கயிறு தாழ்வாகச் சாய்ந்து இழுத்தால்தான் நங்கூரம் மணலில் புதையும். பவளப்பாறையிலும் கடற்புல்லிலும் அதைப் போடவே வேண்டாம். நொடியில் சிதைவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். பிறகு, படகின் பக்கவாட்டில் கரையிலுள்ள ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று திசை மாறாதிருக்கையில் அந்தக் கோடு கலைந்துகொண்டே போனால், படகு நங்கூரத்தை இழுத்துச் செல்கிறது என்று பொருள்.

கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் பாருங்கள். ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கரைகளில் நீர் வற்ற ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகிறது. ஆனால் அது சீராக வற்றுவதில்லை. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டுமே மொத்த இறக்கத்தில் ஏறத்தாழப் பாதி நிகழ்ந்துவிடும். கரைக்கு மிக அருகில் நிறுத்திய படகு தரைதட்டி நிற்பது பெரும்பாலும் அந்நேரத்தில்தான்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவருக்குப் படகில் ஏறினாலே குமட்டல் வந்துவிடுகிறது. அவரை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. உட்செவி உடல் அசைவதை உணர்கிறது. கண்களோ அசையாத இருக்கையையும் கைப்பேசியையும் பார்க்கின்றன. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. ஆகவே அவரைப் படகின் நடுப்பகுதியில், ஆட்டம் மிகக் குறைவான இடத்தில், முன்னோக்கி அமர வைத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் புகை வரும் பின்பக்கமும், காற்றோட்டமில்லாத உள்ளறையும் அவருக்கு ஆகாது. வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுப்பதானால், படகு கிளம்புவதற்கு முன்பே எடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்குவதில் பயன் குறைவு. சில மாத்திரைகள் தூக்கம் தரும் என்பதால் அவர் நீந்த இறங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, நங்கூரமிட்ட படகிலும் அவருக்கு ஆட்டம் தாங்கவில்லையென்றால் கரையில் இறக்கிவிடத் தயாராக இருங்கள். அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கவலை பாதி குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் அனைவருக்கும் நீச்சல் தெரியும். அமைதியான கடலிலும் லைஃப் ஜாக்கெட் அணிந்தே தீர வேண்டுமா?

பதில்: ஆம். 6 நாட் வேகத்தில் படகு நொடிக்கு 3 மீட்டர் நகர்கிறது. ஒருவர் விழுந்ததைக் கவனிக்க 10 நொடி ஆனால் அவர் 30 மீட்டர் பின்தங்கியிருப்பார். விழும்போது தலையில் அடிபட்டவருக்குத் தெரிந்த நீச்சல் உதவாது. அப்படி நேர்ந்தால் ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரைக் கைநீட்டிச் சுட்டிக்கொண்டே இருக்க, மற்றொருவர் மிதவையை வீச வேண்டும். எஞ்சின் ஓடும்போது படகின் பின்பக்கம் யாரும் நீந்தக் கூடாது; படகை உந்தும் சுழலி மட்டுமல்ல, அங்கு தேங்கும் கார்பன் மோனாக்சைடும் உயிரைப் பறிக்கும். நீங்கள் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.