பெருந்தொற்று விதிகளை மக்கள் ஏற்பதில் அரசியல் தலைமைக்கு உண்மையிலேயே பங்கு உண்டா?

உண்டு, ஆனால் பொதுவாக நினைக்கப்படும் விதத்தில் அல்ல. இல்லாத ஆதரவை ஒரு தலைவர் தம் பேச்சால் உண்டாக்கிவிடுவது அரிது. ஏற்கெனவே இருக்கும் ஆதரவைக் கெடுப்பது அவருக்கு மிக எளிது. கோவிட் பெருந்தொற்றுக் காலம் முழுவதும் இங்கிலாந்தில் வசித்தவன் என்பதால் அந்த நாட்டை முன்வைத்தே பதில் சொல்கிறேன்.

2020 மார்ச் 23 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பொதுமுடக்கத்தை அறிவித்தார். மருத்துவமனைக்குச் சென்றபோது அங்கிருந்த எல்லோருடனும் கைகுலுக்கியதாக அதே மாதத் தொடக்கத்தில் செய்தியாளர்களிடம் மகிழ்ச்சியோடு கூறியவர்தான் அவர். அப்படியிருந்தும் மக்கள் வீட்டுக்குள் அடங்கினார்கள். இத்தாலிய மருத்துவமனைகளிலிருந்து வந்த காட்சிகளும், அரசு மருத்துவச் சேவை நிலைகுலைந்துவிடக் கூடாது என்ற பொதுவான கவலையும் அவர்களை முன்கூட்டியே தயார்ப்படுத்தியிருந்தன. பிரதமரின் சொல்வன்மைக்கு அதில் பெரிய பங்கு இருந்ததாக நான் கருதவில்லை.

இரண்டு மாதங்களில் நிலைமை மாறியது. பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், மனைவிக்கு நோய் அறிகுறி தென்பட்ட நிலையில், குழந்தையையும் அழைத்துக்கொண்டு லண்டனிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள டரமுக்குக் காரில் சென்றிருந்தார் என்ற செய்தி மே 22 அன்று வெளியானது. ஏப்ரல் 12 அன்று அங்கிருந்து பார்னார்ட் காசில் என்ற ஊருக்கும் சென்றுவந்ததற்கு, வண்டி ஓட்டும் அளவுக்குத் தம் கண்பார்வை தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்கவே போனதாக அவர் காரணம் சொன்னார். (பார்வையில் ஐயம் இருப்பவர் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஏன் வண்டி ஓட்டினார் என்று நாடே கேட்டது.) அவர் பொறுப்புடனும் சட்டப்படியும் நடந்துகொண்டதாகக் கூறிய ஜான்சன், அவரைப் பதவியில் வைத்துக்கொண்டார். இறக்கும் தறுவாயில் இருந்த பெற்றோரைப் பார்க்கப் போகாமல் விதியை மதித்தவர்கள் அப்போது ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். “அவருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?” என்ற பேச்சைக் கடை வரிசையிலும் பணியிடத்திலும் நானே கேட்டிருக்கிறேன்.

இது வெறும் மனக்குமுறல் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 40,000 பேரிடம் தொடர்ந்து திரட்டிய பதில்களை 2020 ஆகஸ்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அந்தச் செய்தி வெளியான நாள் முதல் இங்கிலாந்தில் அரசின்மீதான நம்பிக்கை வெளிப்படையாகச் சரிந்தது. தத்தம் சொந்த அரசுகளைப் பற்றிக் கேட்கப்பட்ட ஸ்காட்லாந்து, வேல்ஸ் மக்களிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை. ஒரே தீவு, ஒரே நோய், ஏறக்குறைய ஒரே விதிகள் என்பதால் இந்த ஒப்பீட்டை நான் மதிக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் தவறே நடக்கவில்லை என்பதும் அல்ல. அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கேத்தரின் கால்டர்வுட் தமது இரண்டாவது வீட்டுக்குச் சென்றது ஏப்ரல் தொடக்கத்தில் அம்பலமானது. முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் முதலில் அவரைக் காக்க முயன்றாலும், ஏப்ரல் 5 இரவுக்குள் கால்டர்வுட் பதவி விலகினார். நியூசிலாந்தில் பொதுமுடக்கத்தின்போது கடற்கரைக்குச் சென்ற சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க்கை, இயல்பான காலமாக இருந்தால் நீக்கியிருப்பேன் என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டன் வெளிப்படையாகக் கூறி, அமைச்சரவையில் அவரைக் கடைசி இடத்துக்குத் தள்ளினார். மீறல் எங்கும் நடக்கிறது. மீறியவர் தம் ஆள் என்னும்போது தலைவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் மக்கள் கணக்கில் வைக்கிறார்கள்.

தலைவரின் சொல் எல்லோரையும் ஒரே அளவில் தொடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரேசிலில் அதிபர் பொல்சொனாரோ தமக்குத் தொற்றினாலும் அது வெறும் சின்னக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று 2020 மார்ச்சில் பேசினார். அவர் நோயை இவ்வாறு அலட்சியப்படுத்திய பிறகு, அவருக்கு அதிக வாக்களித்த நகராட்சிகளில் மக்கள் வீட்டில் தங்குவது மற்ற இடங்களைவிடக் குறைந்ததைக் கைப்பேசி இருப்பிடத் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் காட்டினார்கள். எதிர்க்கட்சியினர் அவரை முன்பே நம்பவில்லை. விலை கொடுத்தவர்கள் அவரை நம்பியவர்களே.

இந்த விளக்கத்துக்கு முழுமையாக அடங்காத ஒன்றையும் நான் பார்த்தேன். விருந்துகளுக்குத் தடை இருந்த 2020 கிறிஸ்துமஸ் காலத்தில் பிரதமர் இல்லத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட விருந்தைப் பற்றி அவருடைய ஊழியர்கள் சிரித்துப் பேசும் காணொளி 2021 டிசம்பர் 7 அன்று வெளியானது. மறுநாளே ஜான்சன், ஒமிக்ரான் என்ற புதிய வைரஸ் திரிபு காரணமாக வீட்டிலிருந்து வேலை செய்யும்படியும் முகக்கவசம் அணியும்படியும் நாட்டைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைவிட மோசமான தருணத்தை எந்த எதிரியும் அவருக்குத் தேர்ந்தெடுத்துத் தந்திருக்க முடியாது. ஆனால் அதே மாதத்தில் தடுப்பூசி மையங்களில் வரிசை நீண்டது. ஒரே நாளில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட பூஸ்டர் ஊசிகள் போடப்பட்டன. பிரதமரை ஏளனம் செய்துகொண்டே அந்த வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். எங்களை அங்கே அழைத்தது மருத்துவச் சேவையிடமிருந்து வந்த குறுஞ்செய்தி. அந்தச் சேவையின்மீது எங்களுக்கிருந்த நம்பிக்கை பிரதமரின் நடத்தையைச் சார்ந்திருக்கவில்லை.