லி சியாவோஃபெங் யார்? சீன மின்விளையாட்டில் (கணினி விளையாட்டுப் போட்டிகளில்) அவர் பெயரை ஏன் இன்னும் சொல்கிறார்கள்?

'ஸ்கை' என்ற பெயரில் வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் வியூக விளையாட்டை ஆடியவர். ஹெனான் மாகாணத்துக்காரர், 1985-ல் பிறந்தவர். 2005-ல் சிங்கப்பூரிலும் 2006-ல் இத்தாலியின் மோன்சாவிலும் நடந்த வேர்ல்ட் சைபர் கேம்ஸ் என்ற உலக மின்விளையாட்டுப் போட்டியில் அடுத்தடுத்து தங்கம் வென்றார். 2007-ல் இறுதிவரை போய் நார்வே வீரரிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார்.

பதக்கக் கணக்கை விட அந்தக் காலகட்டம்தான் முக்கியம் என்பேன். 2003-ல் சீன விளையாட்டுத் துறை மின்விளையாட்டை அதிகாரபூர்வமாக அங்கீகரித்தது. மறு ஆண்டே கணினி விளையாட்டு நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் காட்டத் தடை வந்தது! ஒரு கை கொடுக்க, இன்னொரு கை பறித்த கதை. கேம் ஆடுகிற பிள்ளை கெட்டுப்போகும் என்று பெற்றோர் பயந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் சீனக் கொடியைப் போர்த்திக்கொண்டு ஒரு பையன் மேடையில் நின்றால் எப்படி இருந்திருக்கும்! 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி ஓடும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

ஆட்டம்? விளையாட்டில் தேர்ந்தெடுக்கக்கூடிய படைகளில் மனிதப் படையை எடுப்பார். எதிரியை விடாமல் நெருக்குவார். பார்க்க அலங்காரமாக இருக்காது, ஆனால் பிடி விடாது.

அப்புறம் டபிள்யூஇ என்ற சீன மின்விளையாட்டு அணியின் நிர்வாகத்தில் இருந்தார். 2015-ல் ஓய்வை அறிவித்துவிட்டு, விளையாட்டாளர்களுக்கான கீபோர்டு, மவுஸ் விற்கும் 'தைடு' நிறுவனத்தைத் தொடங்கினார்.