சாயில் டெஸ்டிங் கம்பெனி வேலை: மகளை அனுப்பலாமா?

பி.இ. சிவில் படித்த பெண்ணைச் சேற்றில் நிற்கிற வேலைக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். முதல் வருஷம் ஆபீசில் ரிப்போர்ட் டைப் அடிக்க வைப்பார்களா, போர்ஹோல் (மண் எடுக்கத் தளத்தில் போடும் ஆழ்துளை) பக்கத்தில் நிறுத்துவார்களா என்று மட்டும் விசாரியுங்கள். போர்ஹோல் என்றால் சேரச் சொல்லுங்கள்.

பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய பகுதி, கொச்சி, நவி மும்பை கடலோரம் மாதிரி இளகிய களிமண் உள்ள இடங்களில் வழக்கமான எஸ்.பி.டி. சோதனை, அதாவது ராடின் நுனியில் மாட்டிய குழாயைச் சம்மட்டியால் மண்ணில் அடித்து இறக்கும் சோதனை, பெரிதாக உதவாது. எத்தனை அடியில் குழாய் இறங்கியது என்று சொல்லும் 'என்' மதிப்பு 4-ஐத் தாண்டாது. சில ஆழங்களில் சம்மட்டி விழுமுன்பே ராடின் எடைக்கே குழாய் இறங்கிவிடும். அதில் வரும் மண்ணும் கலங்கியதுதான். வெளிவிட்டம் 50.8 மி.மீ., உள்விட்டம் 35 மி.மீ. உள்ள அந்தத் தடித்த குழாய், உள்ளே வாங்கும் மண்ணைவிட அதிகப் பரப்பை நசுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஆகவே வெளியே 76, உள்ளே 73 மி.மீ. உள்ள மெல்லிய ஷெல்பி டியூப் வேண்டும். நசுக்கும் பரப்பு, உள்ளே வாங்கும் மண்ணின் பரப்பில் இத்தனை சதவீதம் என்ற விகிதம் இதில் சுமார் 8.4, அது 10-க்குள் இருப்பது நல்லது.

டியூபை அடிக்கக் கூடாது, ஒரே சீராக அழுத்த வேண்டும். அதற்கு முன் குழியின் அடியைச் சுத்தம் செய்து, உள்ளே தண்ணீர் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தியதும் ஐந்து பத்து நிமிடம் விட்டு, இரண்டு சுற்றுத் திருப்பி அடிமண்ணை அறுத்துவிட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் டியூப் காலியாக வரும். வந்த சாம்பிளின் இரு முனையிலும் மெழுகு ஊற்றி, மேல்பக்கம் எது என்று எழுதி, நிமிர்த்தி வைத்து எடுத்துப் போக வேண்டும். லாரியில் படுக்கப்போட்டு உருட்டிக்கொண்டு வந்தால் அதுவரை பட்ட பாடு வீண்.

கலங்கிய சாம்பிள் வலிமையைக் குறைத்துக் காட்டும். தேவையில்லாமல் பைல் (அஸ்திவாரத் தூண்) நீளம் கூடும். சுமை ஏற ஏற மண் எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் கன்சாலிடேஷன் வளைகோட்டின் திருப்பமும் மழுங்கிப்போகும். கட்டடம் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கு தப்பும். மண்ணின் வலிமையைத் தளத்திலேயே சரிபார்க்க வேன் ஷியர் சோதனை இருக்கிறது: இறகு வைத்த கம்பியை மண்ணில் செருகித் திருப்பிப் பார்ப்பது. நிமிடத்துக்கு சுமார் 6 டிகிரி வேகத்தில் சுற்ற வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

இன்டர்வியூவில் மகள் கேட்க வேண்டியது: கன்சாலிடேஷன் ரிப்போர்ட் கொடுக்க எத்தனை நாள் ஆகும்? அந்தச் சோதனை செய்யும் சாதாரண ஓடோமீட்டர் கருவியில் ஒவ்வொரு சுமைக்கும் 24 மணி நேரம் வேண்டும், ஏழெட்டுப் படி சுமை ஏற்றி இறக்கினால் பத்து நாள் ஓடிவிடும். மூன்று நாளில் தருவோம் என்கிற கம்பெனியில் சேர வேண்டாம். அங்கே எண்கள் மேஜையில் தயாராகின்றன.

இரண்டு வருஷம் தளத்தில் நின்ற பிறகு மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் சாயில் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபவுண்டேஷன் இன்ஜினியரிங்கில் எம்.இ. இருக்கிறது, ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் ஜியோடெக்னிக்கல் பிரிவு உண்டு.

சம்பளத்தோடு இன்னொன்றும் பேசிவிடுங்கள்: தளத்தில் கழிப்பறை, இருட்டினால் திரும்பி வர வண்டி. துளை போடும் ரிக் இயந்திரம் நிற்கும் பல தளங்களில் இரண்டும் இருக்காது. ஆஃபர் லெட்டர் வாங்கும் முன்பே கேட்டால்தான் ஏற்பாடு செய்வார்கள்.